பாட்டும் பட்டியலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் பற்றிய உங்கள் கட்டுரையில் "அங்கே இசையையே நிறம் பார்த்துப் பிரித்தார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் கேட்டு வளர்ந்தவன் நான். எல்விஸ் பிரெஸ்லி என்றால் எனக்கு உயிர். இன்று அவரைக் கறுப்பினத்தவரின் இசையைத் திருடியவர் என்கிறார்கள். பாட்டைக் கேட்கிறவன் காதுக்கு நிறம் தெரியுமா? மைக்கேல் ஜாக்சன் முதல் பியான்ஸே வரை உலகம் கொண்டாடுவது கறுப்பினக் கலைஞர்களைத்தானே? இன்னும் எதற்கு இந்தப் பேச்சு? நான் எல்விஸைக் கேட்பது தவறா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

காதுக்கு நிறம் தெரியாது. நீங்கள் சொல்வது சரி. காது பிரிக்காததை விற்பவர்கள் பிரித்தார்கள் என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், எல்விஸ் பற்றிய உங்கள் கேள்விக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக 'கிரேஸி ப்ளூஸ்' பாடினார். கறுப்பின மக்கள் இசைத்தட்டு வாங்குவார்கள் என்று அதுவரை எந்த நிறுவனமும் நம்பவில்லை. அந்தத் தட்டு அமோகமாக விற்றது. உடனே அவர்களுக்கென்று தனி வரிசை ஒன்றைத் தொடங்கி 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். தெற்கின் வெள்ளையின கிராமத்தாருக்கு இன்னொரு வரிசை வந்தது, அதை 'ஹில்பில்லி' என்றார்கள். பின்னாளில் கன்ட்ரி என்று பெயர் பெற்ற இசை அதுதான். இதில் ரேஸ், அதாவது இனம், என்பது வசைச்சொல் இல்லை. அன்றைய கறுப்பின மக்களே தங்களைக் குறிக்கப் பெருமிதத்தோடு பயன்படுத்திய சொல் அது. ஆனால் அந்த இரண்டு வரிசைகளும் இசைக்குச் செய்த கெடுதல் பெரியது.

அன்றைய தெற்கில் இரு இனத்தாரும் பெரும்பாலும் ஒரே பாட்டுகளைத்தான் பாடினார்கள், ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டார்கள். ஃபிடில் என்ற கிராமிய வயலினை வாசித்து நடனங்களை நடத்திய கறுப்பினக் கலைஞர்கள் நிறையப் பேர். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வெள்ளையர்களின் கிராமியக் கருவி என்றே நானும் பல வருடங்கள் நினைத்திருந்தேன். அது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டிச் செய்துகொண்ட கருவி என்று தெரிந்தபோது, நான் கேட்டிருந்த பாதிப் பாட்டுகளைத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. ஒலிப்பதிவு செய்ய வந்தவர்கள் கறுப்பினக் கலைஞர்களிடம் ப்ளூஸ் பாடச் சொன்னார்கள், ஃபிடில் பாட்டுகளை வெள்ளையர்களிடம் பதிவு செய்தார்கள். ஒரு தலைமுறை கழிந்ததும் பதிவில் இருந்தது மட்டுமே வரலாறாக நின்றது. ஃபிடில் வாசித்த கறுப்பினக் கலைஞர் எப்போதாவது இருந்தாரா என்று மக்கள் கேட்கும் நிலை வந்துவிட்டது.

எந்தப் பாட்டு அதிகம் ஓடுகிறது என்று பட்டியல் வெளியிடும் பில்போர்ட் பத்திரிகையும் அந்த வரிசையைப் பின்பற்றியது. கறுப்பின இசைக்கு 1942இல் அது வைத்த பட்டியலின் பெயர் 'ஹார்லெம் ஹிட் பரேட்'. 1945இல் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' ஆனது. 1949இல் அங்கே வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லரின் யோசனைப்படி 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாறியது. பெயரில் மரியாதை கூடியது, வேலி அதே இடத்தில் இருந்தது.

இந்த வேலி பணத்தை எப்படிப் பிரித்தது என்பதுதான் முக்கியம். பெரிய வானொலி நிலையங்களும் பெரிய கடைகளும் வெள்ளையினரை மனத்தில் வைத்த பொதுப் பட்டியலான பாப் பட்டியலைப் பார்த்தே தட்டுகளை எடுத்தன. ஒரு கறுப்பினப் பாடகரின் பாட்டு ரிதம் அண்ட் ப்ளூஸில் ஓடினால், அதையே ஒரு வெள்ளையினப் பாடகரைப் பாடவைத்துப் பாப் பக்கம் விற்றார்கள். 1955இல் கறுப்பினப் பாடகர் ஃபேட்ஸ் டாமினோவின் ஒரு பாட்டை வெள்ளையினப் பாடகர் பாட் பூன் பாடினார். பாப் பட்டியலில் டாமினோவின் பதிவு பத்தாம் இடத்தோடு நின்றது, பூனுடையது முதலிடம் போனது. டாமினோ அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவர் என்பதால் அவருக்கு ராயல்டியாவது வந்தது. எழுதாமல் பாடியவர்களுக்கு அதுவும் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி ஒருவர் பாடியதை இன்னொருவர் பாடினால் பணம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், முதலில் பாடியவருக்கு ஒன்றும் வராது. சாதாரண வானொலி நிலையங்கள் இன்றுவரை பாடகருக்குப் பணம் தருவதில்லை, பாட்டை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் தருகின்றன. அதனால்தான் எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் எத்தனையோ பேர் கை வைத்தார்கள். கறுப்பின ராக் அண்ட் ரோல் கலைஞர் சக் பெர்ரியின் முதல் வெற்றிப் பாட்டில் வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடின் பெயரும் எழுதியவராக அச்சானது. அந்தப் பெயர் நீங்கியது 1986இல்.

சரி, எல்விஸ். அவர் திருடன் இல்லை. 1956இல் கொடுத்த ஒரு பேட்டியிலேயே, தான் பாடுவதைக் கறுப்பின மக்கள் தனக்கு வெகுநாள் முன்பிருந்தே பாடிவருகிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார், ப்ளூஸ் பாடகர் ஆர்தர் க்ரடப்பின் பெயரையும் சொன்னார். எல்விஸ் 1954இல் பாடிய முதல் தட்டு க்ரடப்பின் பாட்டுதான். ஆனால் க்ரடப் தனக்கு உரிய ராயல்டி முழுவதும் கைக்கு வராமலேயே 1974இல் இறந்தார். பாட்டை எழுதியவர் அவர் என்று ஒத்துக்கொண்ட இசைத்தொழில்தான் பணத்தை அவரிடம் சேர்க்கவில்லை. எல்விஸைத் திட்டுவதில் எனக்கு ஆர்வமில்லாததற்குக் காரணம் இதுதான். கோபம் முழுவதும் ஒரு பாடகர் மேல் இறங்கிவிட்டால், ஒப்பந்தம் எழுதியவர்களை யாரும் கேட்கமாட்டார்கள்.

ரசிகர்கள் எல்லோரும் நிறம் பார்க்காதவர்கள் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1956 ஏப்ரலில் அலபாமாவின் பர்மிங்காமில் மேடையில் பாடிக்கொண்டிருந்த கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோலை வெள்ளையினவெறியர்கள் பாய்ந்து தாக்கினார்கள். முழுக்க வெள்ளையர்கள் அமர்ந்திருந்த அரங்கு அது. டெஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின ஹார்மோனிகா கலைஞர், நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர். சுற்றுப்பயணங்களில் உடன் வாசித்தவர்கள் தங்கிய விடுதிகளில் அவருக்கு இடமில்லை. 1941இல் நிகழ்ச்சியிலிருந்து விலக்கப்பட்டபின் காலணி துடைக்கும் கடை வைத்துப் பிழைத்தார். 1966இல் கறுப்பினப் பாடகர் சார்லி பிரைடின் முதல் கன்ட்ரி தட்டை வானொலிகளுக்கு அனுப்பும்போது அவருடைய புகைப்படத்தை வைக்காமல் அனுப்பினார்கள். கேட்டவர்களுக்குக் குரல் பிடித்துப்போனது. இதைவிட நேரடியாக உங்கள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

மைக்கேல் ஜாக்சனைச் சொன்னீர்கள். 1981இல் தொடங்கிய எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி, முதல் ஒன்றரை வருடம் கறுப்பினக் கலைஞர்களை அரிதாகவே காட்டியது. நாங்கள் ராக் சேனல், அவர்கள் பாடுவது வேறு வகை என்பது அவர்கள் சொன்ன காரணம். 1983இல் வெள்ளையினப் பாடகர் டேவிட் பௌயி எம்டிவிக்குக் கொடுத்த பேட்டியிலேயே இதைப் பற்றி அவர்களைக் கேள்வி கேட்டார். அதே வருடம்தான் ஜாக்சன் அந்தத் திரையில் வந்தார். 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் பாட்டைக் கன்ட்ரி கூறுகள் போதவில்லை என்று சொல்லிப் பில்போர்ட் கன்ட்ரி பட்டியலிலிருந்து எடுத்தது. அதே பாட்டு பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. இந்த முடிவுக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். இருக்கலாம். ஆனால் 'இது எங்கள் வகை இல்லை' என்ற அந்த வாக்கியத்தை 1920களிலிருந்து தொடர்ந்து கேட்டுவருபவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பியான்ஸே கன்ட்ரி பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது 2024இல். ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அது முதல்முறை. பாஞ்சோ முதலில் யார் கையில் இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் செய்தியில் மகிழ்ச்சியோடு வலியும் இருந்தது.

எல்விஸைத் தாராளமாகக் கேளுங்கள். உங்களிடம் 'ஹவுண்ட் டாக்' நிச்சயம் இருக்கும். அதற்கு முன்னால் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகி 1952இல் பாடியதைக் கேளுங்கள். லீபர், ஸ்டோலர் என்ற இரண்டு வெள்ளையின இளைஞர்கள் அவருக்காகவே எழுதிய பாட்டு அது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். அதற்காக 500 டாலர் காசோலை ஒன்று வந்தது, அதோடு சரி என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எல்விஸ் பாடும்போது அது ஒரு நாயைப் பற்றிய வேடிக்கைப் பாட்டு போல இருக்கும். தார்ன்டன் பாடும்போது, தன் வீட்டில் ஓசியில் தின்றுகொண்டு திரியும் ஒருவனை ஒரு பெண் வாசலுக்கு வெளியே நிறுத்திப் பேசுகிறாள். நடுவில் கிடார் வாசிப்பவரை அவர் அதட்டி உற்சாகப்படுத்தும் இடம் ஒன்று வரும், அதைத் தவறவிடாதீர்கள். கேட்டபின் எழுதுங்கள்.