வீடு தேடிப் போகும் தெரபி உதவியாளர்களின் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரியவர்கள் மட்டும் பெரிய வீடுகளில் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்தவரை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (உண்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பயிற்றுவிப்பவர்) வாரம் ஒருமுறை வந்து பார்த்தாலே அதிகம். மற்ற நாட்களில் முகப்பைத் தாண்டி, வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதிக்குள்) சென்று, கையைப் பிடித்துப் பயிற்சி கொடுப்பவர் உதவியாளர்தான். இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அவர்களுடையவை.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சிக்குக் கைப்பயிற்சி கொடுக்கிறேன். கிளம்பும்போதெல்லாம் பலகாரம் தருவார். போன வாரம் "உன் மகளுக்கு வைத்துக்கொள்" என்று 2,000 ரூபாயைக் கையில் திணித்துவிட்டார். மறுத்தால் முகம் வாடிவிடுகிறது. என்ன செய்வது?

பலகாரத்தையும் பணத்தையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். நம் பக்கத்து வீடுகளில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனால் அது மனத்தாங்கல். உட்கார்ந்து இரண்டு தேன்குழல் சாப்பிடுங்கள். டப்பாவில் கட்டிக்கொண்டு வராதீர்கள்.

பணம் வேண்டாம். அந்த ஆச்சி உங்களை நம்பி இருக்கிறார். அன்பினால் கொடுக்கிறாரா, கொடுக்காவிட்டால் நீங்கள் வராமல் போய்விடுவீர்களோ என்ற பயத்தில் கொடுக்கிறாரா என்பதை நீங்களும் பிரித்தறிய முடியாது, சில சமயம் அவராலேயே முடியாது. பக்கவாதத்துக்குப் பிறகு நினைவு தடுமாறுபவர்களும் உண்டு. கொடுத்ததை மறந்து "பையில் வைத்த பணத்தைக் காணோம்" என்று ஒருநாள் சொன்னால், உங்கள் பத்து வருட உழைப்பு அந்த ஒரு சொல்லில் போய்விடும். கொடுக்க வசதியில்லாத அடுத்த வீட்டையும் நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து அரை மணி முன்னதாகவே கிளம்பிவிட மனம் தூண்டாது என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

வாங்கிய பணத்தை ஆச்சியின் பிள்ளைகளில் ஒருவருக்குத் தெரிவித்துத் திருப்பிக் கொடுங்கள். அன்றே தெரபிஸ்டிடமும் சொல்லிவிடுங்கள். ஆச்சியிடம் நான் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "உங்கள் கையாலேயே தேன்குழல் அச்சை அழுத்திப் பிழிந்து கொடுங்கள், அன்றைக்கு வாங்கிக்கொள்கிறேன்." இதைச் சமாளிப்பதற்காகச் சொல்வதில்லை. அச்சைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், அழுத்தத் தோளும் முழங்கையும் சேர்ந்து உழைக்க வேண்டும். தெரபிஸ்ட் சம்மதித்தால் அதையே சிகிச்சையின் இலக்காக எழுதிக்கொள்ளலாம்.

நல்ல கையைக் கட்டிவைத்தால் செயலிழந்த கை வேலை செய்யத் தொடங்கும் என்று யூடியூபில் பார்த்தேன். ஓர் ஐயாவுக்குத் துண்டால் கட்டி இரண்டு நாள் முயன்றேன். கோபப்படுகிறார். தொடரலாமா?

இன்றே நிறுத்துங்கள். நீங்கள் பார்த்தது உண்மையான சிகிச்சைதான், நல்ல ஆய்வுகள் உள்ளது. ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது. அந்தச் சிகிச்சை உருவான முறையில், செயலிழந்த கையின் மணிக்கட்டைச் சுமார் 20 டிகிரியும் விரல்களைச் சுமார் 10 டிகிரியும் நோயாளி தானே நிமிர்த்த முடிந்தால்தான் தொடங்குவார்கள். தினமும் பல மணி நேரப் பயிற்சி, இரண்டு வாரம், நோயாளியின் முழுச் சம்மதத்தோடு. விரலே அசையாத கையை நம்பி நல்ல கையைக் கட்டினால், அந்த ஐயாவுக்கு இரண்டு கையும் இல்லாமல் போகிறது. நடக்கும்போது தடுமாறினால் எதைப் பிடிப்பார்?

நீங்கள் தேடிப் படித்தது நல்ல குணம், அதை விட்டுவிடாதீர்கள். பார்த்த வீடியோவைத் தெரபிஸ்டிடம் காட்டி "இது நம் ஐயாவுக்குப் பொருந்துமா?" என்று கேட்பதோடு உங்கள் பங்கு நிற்க வேண்டும். மதிப்பிடுவதும் திட்டத்தை மாற்றுவதும் அவருடைய பொறுப்பு. நடந்ததை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். ஐயாவிடம் மன்னிப்பும் கேளுங்கள்.

போகாத நாட்களுக்கும் போனதாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மறுத்தால் வேலை போகும்.

போடாதீர்கள். அது பொய்க் கணக்கு மட்டும் அல்ல. பன்னிரண்டு முறை சிகிச்சை நடந்தும் முன்னேற்றம் இல்லை என்று அந்தத் தாளைப் பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார். நடந்தது ஏழு முறைதான் என்பது அவருக்குத் தெரியாது. கைக்கு இனி வழியில்லை என்று ஒரு மனிதரைக் கைவிட உங்கள் கையெழுத்து காரணமாகிவிடும். சொன்னவரிடம் எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே மறுத்துவிடுங்கள். போன நாள், வந்த நேரம் எல்லாம் உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் இருக்கட்டும். வேலை போகும் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் பதில் மாறாது.

கையை உரிய நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் அழுத்துகிறது என்கிறார் நோயாளி. வெந்நீரில் போட்டு நானே வளைத்துச் சரிசெய்யலாமா?

கழற்றலாம், வளைக்கக் கூடாது. கழற்றி 20 நிமிடம் ஆகியும் சிவப்பு மறையவில்லை என்றால் மீண்டும் போடாமல் தெரபிஸ்டைக் கூப்பிடுங்கள்.

நான் பயிற்சி கொடுக்கும் ஆட்டிசம் உள்ள சிறுவன் முதல்முறையாகச் சட்டைப் பொத்தானைத் தானே போட்டான். வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். அவன் அம்மாவுக்கும் மகிழ்ச்சிதான். அது தவறு என்கிறார் சக ஊழியர்.

அவர் சொல்வது சரி. எடுத்துவிடுங்கள். தேவகோட்டையோ காரைக்குடியோ, முகத்தை மறைத்தாலும் குரலையும் சுவரையும் வைத்தே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடும் ஊர்கள் இவை. அந்த நிமிடத்தில் அம்மா மகிழ்ந்தார் என்பது சம்மதம் ஆகாது. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. சிகிச்சைக்காக வீடியோ தேவையென்றால் அது மையத்தின் பதிவில் இருக்க வேண்டும், உங்கள் கைப்பேசியில் அல்ல. அந்த மகிழ்ச்சியை எழுதி வையுங்கள்: எத்தனையாவது பொத்தான், எவ்வளவு நேரம், எந்த விரலால் துளையைத் தேடினான் என்று. ஸ்டேட்டஸ் ஒரு நாளில் மறைந்துவிடும். இந்தக் குறிப்பு அடுத்த மாதமும் அவனுக்குப் பயன்படும்.

தனியாக வசிக்கும் ஓர் ஐயாவின் மேல்கையில், உட்புறமாக, விரல் பதிந்தது போலக் கன்றியிருக்கிறது. கூட இருந்து பார்த்துக்கொள்பவர் "விழுந்துவிட்டார்" என்கிறார். நான் தலையிடலாமா?

தலையிட வேண்டும், தீர்ப்பு சொல்லாமல். இடம், அளவு, நிறம், ஐயா சொன்ன சொற்கள் ஆகியவற்றை அப்படியே எழுதுங்கள். அவரோடு தனியாக இருக்கும்போது கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிறு பிடியிலேயே கன்றிவிடும். செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்கி எழுப்பும் பழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது, அது தோள்மூட்டையே நழுவச் செய்யும். அப்படியானால் பார்த்துக்கொள்பவருக்குத் தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதே மருந்து. வேறு காரணம் என்று தோன்றினால் அன்றே தெரபிஸ்டுக்குத் தெரிவியுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567. குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது உங்கள் கடமை. யார் அனுமதிக்காகவும் காத்திருக்காதீர்கள். குழந்தைகளுக்கான எண் 1098.

பத்து ஆண்டுகளாக இதே வேலை. மதுரைக்கும் சென்னைக்கும் போய்ப் பயிற்சி எடுக்க விடுப்பும் இல்லை, பணமும் இல்லை. நான் எப்படி வளர்வது?

அமெரிக்காவில் சான்று பெற்ற உதவியாளர் 3 ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க 36 அலகுகள் தொழில்வளர்ச்சிக் கணக்குக் காட்ட வேண்டும். இங்கும் 2021-ல் வந்த துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் சட்டத்துக்குள் நம் துறை வந்துவிட்டது. 1952-லேயே அகில இந்திய சங்கம் கண்ட துறை இது. ஆண்டுக்கு ஒன்றாவது, வாய்ப்புள்ள கருத்தரங்குக்குப் போகப் பாருங்கள். அதற்காகக் காசு சேர்ப்பது வீண்செலவு அல்ல. ஆனால் ஞாயிறு ஒருநாள் வகுப்பில் வாங்கிய சான்றிதழைப் பெயர்ப்பலகையில் "நிபுணர்" என்று எழுதிவிடாதீர்கள்.

மீதி 364 நாளும் நீங்கள் படிக்க வேண்டியது உங்கள் நோயாளியின் வீட்டை. கொட்டான் என்னும் ஓலைப்பெட்டி முடையும்போது ஓலையை எந்த இரண்டு விரல் பிடிக்கிறது, எந்த விரல் மடிக்கிறது என்று முடைபவர் அருகே உட்கார்ந்து பாருங்கள். வளவிலிருந்து அதற்கு அடுத்த பகுதியான இரண்டாங்கட்டுக்குப் போகும் நிலைப்படியின் உயரத்தை அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள். ஈரமான ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஊன்றுகோல் எங்கே வழுக்குகிறது என்று குறியுங்கள். மாதம் ஒருமுறை அந்தக் குறிப்பேட்டோடு தெரபிஸ்டின் எதிரே ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஓர் உதவியாளர். வலக்கை செயலிழந்த ஓர் ஆச்சிக்கு இடக்கையால் சாப்பிடப் பயிற்சி கொடுத்தேன். மூன்று வாரம் கரண்டியைத் தொடவே இல்லை. "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதிவிட்டேன். என்னோடு இருந்த உதவியாளர் தன் நோட்டில் வேறொன்று எழுதியிருந்தார்: "ஆள் இல்லாதபோது, இரண்டாங்கட்டுக் கதவை ஒருக்களித்துவிட்டு, இடக்கையால் சாப்பிடுகிறார்." ஆச்சிக்குக் கை வந்துவிட்டது. பிறர் பார்க்க இடக்கையால் உண்பதுதான் வரவில்லை. பத்துப் பேர் நடமாடும் வளவில் உட்காரவைத்து நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இடத்தை மாற்றினோம். பிறகு வலக்கையில் பட்டை கட்டி அதில் கரண்டியைச் செருகிக் கொடுத்தோம். அந்த நோட்டின் ஒரு வரி இல்லையென்றால் அவரை நான் கைவிட்டிருப்பேன்.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்தே ஆக வேண்டும், அதாவது மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியை விழுங்கியே ஆக வேண்டும் என்கிறார் ஆச்சி. தண்ணீர் குடித்தாலே இருமுகிறார். மகன் கூடாது என்கிறார். நான் யார் பக்கம் நிற்பது?

இருமலை முதலில் சொல்லுங்கள், நோன்புவரை காத்திருக்க வேண்டாம். பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவதில் கோளாறு இருந்தால் உணவும் நீரும் நுரையீரலுக்குப் போகும். விழுங்கலைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரும் மருத்துவரும் பார்க்க வேண்டும். எரியும் திரியோடு மாவை விழுங்கலாமா என்பதை நீங்களும் நானும் முடிவு செய்ய முடியாது.

ஆனால் ஆச்சியிடம் யாராவது கேட்டார்களா? இழையில் அவருக்கு எது பெரியது: வாயில் போடுவதா, தன் கையால் எல்லோருக்கும் எடுத்துக் கொடுப்பதா, நூலைத் திரிப்பதா? மகன் இருக்கும்போதே, ஆச்சியின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். விழுங்குவதுதான் என்றால் ஆபத்தை மருத்துவர் விளக்கட்டும், அதன் பிறகு ஆச்சி சொல்வதற்கு எடை உண்டு. கொடுப்பதுதான் என்றால் வேலை இப்போதே இருக்கிறது. தெரபிஸ்டிடம் கேட்டுவிட்டு, புது வேட்டியிலிருந்து 21 நூலை உருவிச் சேர்த்துத் திரிக்கும் பயிற்சியை நாளைக்கே தொடங்குங்கள்.