துபாய்ல இருந்து வீக்கெண்ட் ஸ்கூபா: புஜைரா பக்கம் கிளம்புற தம்பிக்கு

தம்பி, நீ கேட்டது இதானே? துபாய் வந்து கொஞ்ச மாசம்தான் ஆச்சு, நீச்சல் தெரியாது, கார் இல்ல, ஆனா ஒரு வீக்கெண்ட் கிழக்குக் கரை புஜைரா பக்கம் போய் ஸ்கூபா, அதான் டேங்க் மாட்டிட்டு கடலுக்கு அடில முங்கறது, பண்ணியே ஆகணும். சனிக்கிழமை டைவ், ஞாயித்துக்கிழமை ஜெபல் ஜைஸ் மலை, ரெண்டையும் ஒரே ட்ரிப்ல முடிக்கலாமா, தண்ணிக்குள்ள எடுக்க கோப்ரோ கேமரா வாங்கலாமா.

முடிக்கலாம், ஆனா அப்படியே திருப்பிப் போடு. சனிக்கிழமை மலை, ஞாயித்துக்கிழமை கடல். தண்ணிக்கு அடில அழுத்தத்துல மூச்சு விடும்போது உடம்புல நைட்ரஜன் கரைஞ்சு சேந்துடும், அது மெதுவாதான் வெளிய போகும், அதுக்குள்ள உயரத்துக்கு ஏறினா குமிழ் கட்டி மூட்டு வலில ஆரம்பிச்சு எங்கயோ போய் நிக்கும். ஜெபல் ஜைஸ் இந்த நாட்டுலயே உயரமான இடம், ரோடே ஆயிரம் மீட்டரத் தாண்டி ஏறுது. ஃப்ளைட்டுக்கும் இதே கதைதான், ஒரே ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், ஒண்ணுக்கு மேல முங்கினா 18 மணி நேரம் கழிச்சுதான் ஏறணும். சண்டே டைவ் பண்ணிட்டு அன்னிக்கு நைட்டே சென்னை ஃப்ளைட் போடுற ஆளுங்கள நான் பாத்திருக்கேன், சொன்னா சிரிப்பாங்க. திரும்பி வர்ற ரோடும் ஹஜர் மலைய தாண்டித்தான் வருது, அதனால போட்ல இருந்து இறங்கின கையோட வண்டி ஏறாம சாப்ட்டு ரெஸ்ட் எடுத்துட்டு சாயங்காலமா கிளம்பு, எந்த ரோடு நல்லதுன்னு இன்ஸ்ட்ரக்டரையே கேட்டுடு.

சண்டேன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2022ல லீவு சனி ஞாயிறுன்னு மாறினப்ப ஷார்ஜாவுல மட்டும் கவர்மென்ட் ஆபீஸுக்கு வெள்ளியும் சேத்து மூணு நாள் லீவு விட்டாங்க. நீ போற அதே கரைல இருக்கற கோர்ஃபக்கான் ஷார்ஜாவச் சேந்த ஊருதான், மலையக் குடைஞ்சு போட்ட புது ரோடு 2019ல திறந்ததுல இருந்து பீச்சுல வெள்ளிக்கிழமையே ஜனம் குவிஞ்சிடுது. அதனால அந்தக் கூட்டம் கொஞ்சம் ஓஞ்ச சண்டே காலைல முதல் ட்ரிப்பையே கேளு, மத்தியானத்துக்கு மேல ஜெட் ஸ்கியும் வாழைப்பழ போட்டுமா தண்ணி கலங்கிக் கெடக்கும்.

எங்க போறதுன்னா, உன்ன மாதிரி முதல் தடவைக்கு புஜைராவுல அல் அகா பீச் பக்கம் ஸ்னூப்பி ஐலண்ட். கார்ட்டூன் நாய் மல்லாந்து படுத்த மாதிரி ஒரு பாறை, கரைல இருந்து பக்கம்தான், ஆழமும் கம்மி, ஆமை வரும், திருக்கை மணலுக்குள்ள படுத்திருக்கும், அதனால கால தூக்கி வைக்காம மணல்ல தேச்சு நட. பாறைய ஒட்டி கடல் முள்ளெலியும் இருக்கும், ரப்பர் ஷூ இல்லாம இறங்காத. லீவு நாள்ல கரையெல்லாம் டென்ட்டு, கரி அடுப்பு, பசங்களோட டியூப்பு, நடுவுல டேங்க் மாட்டிட்டு நீ நடந்தா எல்லாரும் வேடிக்கை பாப்பாங்க, கண்டுக்காத. திப்பா ராக், கோர்ஃபக்கான் ஷார்க் ஐலண்ட் எல்லாம் போட்ல போறது, அதுவும் நல்லாருக்கும். முசந்தம் இப்ப வேணாம், அது ஓமன், பர்மிட்டு பாஸ்போர்ட்டுன்னு தனி வேலை. மாலத்தீவு வீடியோ பாத்துட்டு வந்து தண்ணி தெளிவா இல்லையேன்னு யாரையும் திட்டாத, இந்தப் பக்கம் சில நாள் கைய நீட்டினா விரல் தெரியும், அதுக்கு மேல கொஞ்ச தூரம்தான். அக்டோபர்ல இருந்து மே வரைக்கும் நல்ல சீசன்.

இப்ப முக்கியமான விஷயம். நீச்சல் தெரியாதவங்களுக்கும் ட்ரை டைவ்னு முதல் தடவை முங்கிப் பாக்கறது உண்டு, இன்ஸ்ட்ரக்டர் பிடிச்சுட்டே கூட்டிட்டுப் போவாரு, 12 மீட்டருக்கு மேல இறக்க மாட்டாங்க. கடல் பயம் எனக்கு பெருசில்ல, கூட்ட நாள்ல நடக்கிற அவசரம்தான் பயம். புக் பண்ணும்போதே ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தன பேருன்னு கேளு, நாலுக்கு மேல சொன்னா போன வச்சிடு, நீச்சல் தெரியாத உனக்கு ரெண்டுன்னா இன்னும் நல்லது. ஒருதடவ எங்க ஆபீஸ் பசங்க போன ஒரு இடத்துல மெடிக்கல் ஃபார்ம படிக்கவே விடாம கையெழுத்து வாங்கிட்டு, பத்து நிமிஷத்துல பாடம் முடிச்சு வரிசையா இறக்கி விட்டாங்க, ஒரு பையன் காது வலிக்குதுன்னு கைய ஆட்டுறான், அவங்க ஓகேன்னு நினைச்சு இன்னும் கீழ இழுக்கறாங்க. ஆஸ்துமா, சைனஸ், பிரஷர் மாத்திரை எதாவது இருந்தா அந்த ஃபார்ம்ல மறைக்காம எழுது, டாக்டர் லெட்டர் கேட்டா வாங்கிக் குடு.

காது பத்தி சொல்றேன். ரெண்டு மீட்டர்லயே அடைக்க ஆரம்பிக்கும், வலிக்கிற வரைக்கும் காத்திருக்காத. கயித்தப் புடிச்சு இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமா நின்னு, மாஸ்க்கோட மூக்க புடிச்சு மெதுவா ஊதணும், பட்டுன்னு ஒரு சத்தம் வந்தா சரி. வரலைன்னா ஒரு முழம் மேல ஏறி திரும்ப ஊது. சளி இருந்தா அன்னிக்கு டைவ் கிடையாது, காசு போனா போகட்டும்.

மீசை வச்சிருக்கியா? சிரிக்காத, நிஜமாத்தான் கேக்கறேன். எங்க வீட்டுக்காரர் மாஸ்க்ல தண்ணி சொட்டு சொட்டா ஏறிட்டே இருந்துச்சு, மாஸ்க் ஓட்டைன்னு கடைக்காரனோட சண்டைக்குப் போயிட்டாரு, பாத்தா மூக்குக்கு கீழ மீசை முடி மேல ரப்பர் ஒட்டவே இல்ல. மேல் ஓரத்துல கொஞ்சம் ட்ரிம் பண்ணிட்டா போதும், முழுசா எடுக்க வேணாம், அவரும் எடுக்கல.

ரொம்ப பயமா இருந்தா மொதல்ல நாத் அல் ஷெபால இருக்கற டீப் டைவ் துபாய் போ. 60 மீட்டர் ஆழ பூலு, 2021ல திறந்தாங்க, அங்கயும் ட்ரை டைவ் இருக்கு. அலை கிடையாது, உப்புத் தண்ணி கிடையாது, தண்ணியும் வெதுவெதுப்பா இருக்கும். ஆனா கடல விட காஸ்ட்லி, மீனும் இல்ல, எனக்கென்னமோ கடல்தான்.

கார் இல்லைன்னா துபாய் யூனியன் பஸ் ஸ்டேஷன்ல இருந்து ஈ700 பஸ் புஜைரா போகுது, ஆனா அங்க இறங்கி அல் அகாவுக்கு இன்னும் 40 கிலோமீட்டருக்கு மேல, டாக்ஸிக்கு அழணும். நாலு பேரு சேந்து ரென்டல் எடுக்கறது சீப்பு, லைசென்ஸ் இருக்கற ஒருத்தன தேத்து. எமிரேட்ஸ் ஐடி ஒரிஜினலே எடுத்துட்டுப் போ, போட்ல ஏத்துறதுக்கு முன்னாடி கேப்பாங்க. காலைல ரெண்டு இட்லி அளவுக்கு லைட்டா சாப்டு, பிரியாணிய டைவுக்கு அப்புறம் வச்சுக்க. கம்பெனி இன்சூரன்ஸ்ல டைவிங் கவர் ஆகுதான்னு எச்ஆர்ட்ட ஒரு மெயில் போட்டு கேளு, முக்கால்வாசி ஆகாது.

கோப்ரோ இப்ப வாங்காத. முதல் தடவ உன் ரெண்டு கையும் கயித்துக்கும் மூக்குக்குமே பத்தாது, நிறைய இடத்துல அவங்களே வீடியோ எடுத்துத் தருவாங்க. அந்தக் காச வச்சுக்க, பிடிச்சுப் போச்சுன்னா ஓப்பன் வாட்டர்னு டைவிங் சர்டிபிகேட் தர்ற முதல் கோர்ஸுக்கு ஆகும், அதுக்கு 200 மீட்டர் நீந்தணும், பத்து நிமிஷம் மிதக்கணும், அதனால இன்னிக்கே பக்கத்துல ஒரு நீச்சல் கிளாஸ்ல பேரக் குடு.