வெனோனா: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

சோவியத்துக்கு உளவு பார்த்ததாக அமெரிக்காவில் மரண தண்டனை பெற்ற ஜூலியஸ், எத்தல் ரோசன்பர்க் தம்பதி பற்றிய கட்டுரையில், சோவியத் உளவாளிகளின் தந்திகளை அமெரிக்கர்கள் படித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். உளவாளிகள் பயன்படுத்தியது ‘ஒன்டைம் பேட்’ என்ற ரகசியக் குறியீட்டு முறை. அதை யாராலும் உடைக்க முடியாது என்றுதான் கல்லூரியில் படித்தோம். எது சரி? அப்படியே படித்திருந்தால், அதை ஏன் நீதிமன்றத்தில் காட்டவில்லை?

முரளி

அன்புள்ள முரளி,

உங்கள் பேராசிரியர் சொன்னதும் சரி, நான் எழுதியதும் சரி.

குறியீட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொற்களை எண்களாக்குவார்கள். அதோடு, ஒரு தாளில் இருக்கும் ஒழுங்கில்லாத எண்களைக் கூட்டி அனுப்புவார்கள். தாளை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். அதுவரை எந்தக் கொம்பனாலும் படிக்க முடியாது. ஆனால் 1942 தொடக்கத்தில், ஜெர்மன் படையோடு போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த சமயம், சோவியத்தில் சுமார் 35,000 பக்கங்களை இரண்டிரண்டாக அச்சடித்துவிட்டார்கள். ஒரே தாளை வைத்து அனுப்பிய இரண்டு தந்திகளில் 20, 35 என்று இரண்டு எண்கள். இரண்டோடும் அந்தத் தாளில் இருக்கும் 50-ஐக் கூட்டினால் 70, 85. கழித்துப் பாருங்கள், 15. அந்த 50 எங்கே போனது? அவ்வளவுதான் சூட்சுமம்.

சொல்ல எளிது. எந்தத் தந்திக்கு எது ஜோடி என்று ஆயிரக்கணக்கானவற்றில் தேட வேண்டும். வர்ஜீனியாவில் முன்பு பெண்கள் கல்லூரியாக இருந்த ஆர்லிங்டன் ஹாலில், 1943 பிப்ரவரியில் ஜீன் கிரேபீல் என்ற பள்ளி ஆசிரியை இந்த வேலையைத் தொடங்கினார். இதற்குத்தான் பின்னாளில் ‘வெனோனா’ என்று பெயர் வந்தது. அந்த அக்டோபரில் வணிகத் தந்திகளில் முதல் ஜோடிகளைக் கண்டவர் ரிச்சர்ட் ஹாலக், தொல்லியல்காரர். பழைய களிமண் பலகைகளோடு மல்லுக்கட்டியவருக்கு இது பழகிய வேலையாகத்தான் இருந்திருக்கும்!

அதற்கு அப்புறமும் குறியீட்டுப் புத்தகம் மிச்சம். மெரிடித் கார்ட்னர் அதைச் சொல் சொல்லாக ஊகித்தார். ரஷ்யர்கள் ஆங்கிலப் பெயர்களை எழுத்தெழுத்தாகப் பிரித்து அனுப்பியது அவருக்கு வசதியாகப் போயிற்று. 1946 டிசம்பரில் அவர் படித்த ஒரு 1944-ஆம் வருடத் தந்தியில் இருந்தது அணுகுண்டு விஞ்ஞானிகளின் பெயர்ப் பட்டியல்.

இரண்டாவது கேள்விக்கு எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ரகசியம் கசியக் கூடாதென்று தந்திகளை வழக்கில் காட்டவில்லை. ஆனால் யாரிடம் மறைத்தார்கள்? ஆர்லிங்டன் ஹாலிலேயே வேலை பார்த்த வில்லியம் வைஸ்பேண்ட் மாஸ்கோவின் ஆள். 1949-இல் வாஷிங்டனுக்கு வந்து இந்த விவரங்களைப் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி கிம் ஃபில்பியும் அப்படியே. மாஸ்கோவுக்குத் தெரியும். தெரியாதவர்கள் ஜூரிகளும் அமெரிக்க மக்களும்தான். தந்திகள் வெளியானது 1995 ஜூலையில். தம்பதிக்கு மரண தண்டனை நிறைவேறியது 1953 ஜூன் 19.

‘லிபரல்’ என்ற பெயரில் ஜூலியஸ் பல தந்திகளில் வருகிறார். அவர் உளவாளி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எத்தல் விஷயம் அப்படியல்ல. 1944 நவம்பர் தந்தி ஒன்று, கணவரின் வேலை அவருக்குத் தெரியும், உடல்நலக் குறைவால் அவர் வேலை செய்வதில்லை என்கிறது. எந்த வேலை, உளவா அல்லது பிழைப்புக்கான வேலையா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்த வரியை அவருடைய வழக்கறிஞர் பார்த்ததே இல்லை.