பேர் எழுத வந்தவர்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் பந்தலூர்ப் பக்கம், டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் ஒரு டிவிஷனில் பிறந்து வளர்ந்தவள். தாத்தாவும் பாட்டியும் 1970களில் இலங்கையின் பதுளையிலிருந்து வந்தவர்கள். இப்போது முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருக்கிறேன். நீலகிரியில் வாழும் தாயகம் திரும்பிய மக்களின் இடப்பெயர்வும் சிறுபான்மை அனுபவமும்தான் தலைப்பு. இனவெறி, இனச் சிறுபான்மை பற்றி வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகளைப் படித்து, அந்தச் சட்டகத்திலேயே எழுதும்படி நெறியாளர் சொல்கிறார். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் வருகிறது. நாமும் தமிழர், இங்கே இருப்பவர்களும் தமிழர். நம்மை இனச் சிறுபான்மை என்று எப்படி எழுதுவது? அப்படியானால் பள்ளியில் என்னைச் 'சிலோன்காரி' என்று கூப்பிட்டதற்கு என்ன பெயர் வைப்பது?

அப்புறம், பாட்டி. அடுப்படியில் நாள் முழுக்கப் பழைய கதை பேசுவார். போனில் ரெக்கார்டரைப் போட்டால் 'எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல' என்று எழுந்து போய்விடுகிறார். உள்ளே இருந்து வந்தவள் எழுதினால் ஆய்வில் நடுநிலை இருக்காது என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்தைக் கேட்க ஆசை. பெயரை வெளியிட வேண்டாம்.

ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் பாட்டியிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் என் அம்மாவும் அப்படித்தான்.

நாங்கள் மஸ்கெலியாவிலிருந்து 1976-இல் வந்தோம். எனக்கு அப்போது மூன்று வயது. பதினைந்து வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆய்வாளர் கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், பொறுமையானவர். கையில் அச்சடித்த படிவம் வைத்திருந்தார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தார். பிறகு உள்ளே போய்த் தகரப்பெட்டியை எடுத்துவந்து, குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட், முகாமில் கொடுத்த தாள்கள் என்று ஒவ்வொன்றாக அவர் முன்னால் அடுக்கினார். 'எல்லாம் இதுல இருக்கு' என்பதோடு பேச்சு முடிந்தது. அவர் போன பிறகு அம்மா என்னிடம் கேட்ட கேள்வியை இன்னும் மறக்க முடியவில்லை. 'வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்களாப்பா?'

எனக்கு அன்றுதான் புரிந்தது. அம்மாவின் வாழ்க்கையில் பேர் எழுத வந்தவர்கள் யாரும் சும்மா வந்ததில்லை. 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடமே, இந்திய வம்சாவளியினர் விண்ணப்பித்துத்தான் குடியுரிமை பெற வேண்டும் என்று இன்னொரு சட்டம். இத்தனை வருடம் தொடர்ந்து இந்த நாட்டில் இருந்தேன் என்று தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருப்பவர் தாளில் நிரூபிக்க வேண்டும். தாத்தாவின் விண்ணப்பம் தள்ளுபடியானது. அப்புறம் 1964 அக்டோபர் 30, இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர் என்று கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஏழு பேர் கப்பல் ஏறினால் நாலு பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று ஒரு விகிதமும் இருந்தது. மறுபடியும் பேர் எழுதினார்கள். எழுதிய பிறகு ஒரே வீட்டில் அக்கா அங்கே, தங்கை இங்கே. கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு, தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர். அட்டன் ஸ்டேஷனில் அம்மாவின் அக்கா பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது வரைக்கும் அம்மா சொல்வார். அதற்கு மேல் சொல்லமாட்டார்.

பிறகு இராமானுஜம் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். அங்கேயும் ஒரு பதிவேடு. ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பியதும் இதே மண்டபத்தில்தான்.

இத்தனை தடவை பேர் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் வீட்டையோ உறவையோ இழந்த ஒருத்தி, கையில் ரெக்கார்டரோடு பேத்தி வந்தாலும் 'ஞாபகமில்ல' என்றுதான் சொல்வாள். அதை மறதி என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். அந்த மௌனமும் உங்களுக்குக் கிடைத்த தரவுதான். ரெக்கார்டரை அணைத்துவிட்டு அடுப்படியில் உட்காருங்கள். கேட்டதை அன்றிரவே எழுதிவையுங்கள். எழுதியதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்று சொல்வதை எடுத்துவிடுங்கள். இதற்கு நாள் பிடிக்கும். பிடிக்கட்டும்.

சரி, சட்டகத்துக்கு வருகிறேன். நெறியாளர் சொல்லும் நூல்களைத் தள்ளிவிடாதீர்கள், நன்றாகப் படியுங்கள். ஆனால் அந்தச் சொற்கள் எந்த மண்ணில் முளைத்தன என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 1948 ஜூன் மாதம் விண்ட்ரஷ் என்ற கப்பல் கரீபியன் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. காலனி நாட்டு மக்களையும் பிரிட்டனின் குடிமக்களாக ஏற்கும் சட்டம் அதே வருடம் அங்கே நிறைவேறியது. குடியுரிமை இருந்தது, ஆனால் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை, வேலை கிடைக்கவில்லை, தோலின் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். அந்த அனுபவத்தைப் பேசும்போது அங்கே வளர்ந்த சொற்கள் அவற்றில் பல. பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனக்குழு பற்றிய கேள்வி வந்ததே 1991-இல்தான். நம்மவர்களுக்கு அதே 1948-இல் நேர்ந்தது வேறு. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடத்திலேயே நாடற்றவர் ஆனார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், நிறைய வெளிச்சம் கிடைக்கும். ஒன்றின் சட்டையை இன்னொன்றுக்குப் போட்டால் மட்டும் தோளில் இடிக்கும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல்லால் பிரித்துச் சொல்வதையெல்லாம் நாம் 'இனம்' என்ற ஒரே சொல்லில் அடைக்கிறோம். உங்கள் பாட்டியிடம் 'உங்க இனம் என்ன பாட்டி?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சாதியைச் சொல்வார், அல்லது சொந்தக்காரர்களின் பேரை அடுக்குவார். இனசனம் என்றால் அவருக்கு உறவுதானே.

ஆனால் இலங்கையில் அதே சொல் அரசாங்கப் படிவத்தில் ஒரு கட்டமாக இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் இனம் என்று கேட்டு, 'இந்தியத் தமிழர்' என்று எழுதுவார்கள். 1911 கணக்கெடுப்பிலிருந்தே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனியாக எண்ணினார்கள். கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் படிவத்தில் அந்தக் கட்டமே கிடையாது. அந்த இடத்தில் சாதி இருக்கிறது. அங்கே நம்மைப் பிரித்து வைத்த தகவலை இங்கே யாரும் கேட்கவில்லை. இங்கே கேட்டதற்கோ நம்மிடம் தாள் இல்லை. நான் பத்தாம் வகுப்பு முடித்தபோது சாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு அப்பாவோடு நடந்தேன். பூர்வீகக் கிராமத்துக்குப் போய் அங்கே அத்தாட்சி வாங்கி வரச் சொன்னார்கள். தாத்தாவின் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து போனவர் என்று மட்டும்தான் அப்பாவுக்குத் தெரியும். அந்தக் கிராமத்தில் எங்களை அடையாளம் சொல்ல யார் இருப்பார்கள்? இரண்டு வருடம் இழுத்தது, படிப்பில் ஒரு வருடம் போயிற்று. இன்றும் இந்த மலையில் பிள்ளைகள் அதே தாளுக்கு அலைகிறார்கள். உங்கள் டிவிஷனிலேயே இருப்பார்கள், அவர்களை எழுதுங்கள்.

அதனால் என் யோசனை இதுதான். நாம் இனச் சிறுபான்மையா இல்லையா என்ற கேள்வியை முதல் அத்தியாயத்திலேயே தீர்க்க முயலாதீர்கள். எந்தத் தாளில், எந்த வருடம், யார் நமக்கு என்ன பேர் எழுதினார்கள் என்று பின்தொடருங்கள். கூலி, இந்தியத் தமிழர், நாடற்றவர், தாயகம் திரும்பியோர் என்று படிவங்கள் எழுதின. கள்ளத்தோணி, தோட்டக்காட்டான், சிலோன்காரன், அகதி என்று வாய்கள் கூப்பிட்டன. 'அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன்' என்ற வரி நம்மைப் பற்றிய எல்லா எழுத்திலும் வந்துவிடும். உண்மைதான், ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதிதான் சொன்னதாகும். பள்ளியில் உங்களைச் 'சிலோன்காரி' என்றவர்கள் எதைச் சொன்னார்கள்? பேச்சு வழக்கையா, லயத்து வீட்டையா, அல்லது நேராகச் சொல்லத் தயங்கிய சாதியையா? இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 'சிலோன்' என்ற சொல்லால் சாதியைச் சொல்லாமல் சொல்வதை நான் இந்த மலையில் பல தடவை கேட்டிருக்கிறேன். வெளிநாட்டுச் சட்டகத்தில் இதற்குத் தயாராக ஓர் இடம் இருக்காது. நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

'அகதி' என்ற சொல்லிலும் கவனமாக இருங்கள். ஒப்பந்தப்படி வந்தவர்கள் இந்தியக் குடிமக்களாக வந்தார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் அகதிகளாகப் பதிவானார்கள், அவர்களிலும் மலையகத்தார் ஏராளம். ஒரே லயத்திலிருந்து அண்ணன் 1975-இல் வந்திருந்தால் குடிமகன், தம்பி 1984-இல் வந்திருந்தால் அகதி. 2021-இல் தமிழ்நாடு அரசு அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை.

உள்ளே இருந்து எழுதினால் நடுநிலை இருக்காது என்பதைப் பற்றி நான் நிறையச் சொல்லப்போவதில்லை. இந்த மலையை வெளியாட்கள் ஆராய்ந்த கதை மட்டும் சொல்கிறேன். ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும்போது நடுவட்டம் வரும். அங்கே காய்ச்சல் மருந்துக்கான சிங்கோனாத் தோட்டத்தில் வேலை செய்யக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் மலாயாப் பக்கத்து ஆங்கிலேயர் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்ட சீனர்களும் உண்டு. விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே காய்கறி போட்டும் மாடு வளர்த்தும் வாழ்ந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இந்தப் பக்கம் ஆய்வுக்கு வந்த இடத்தில் அவர்களைக் கண்டு, தலையின் நீளத்தையும் மூக்கின் அகலத்தையும் அளந்து பதிவு செய்தார். தோடர், படகர், இருளர் என்று மற்றவர்களையும் அளந்தார். அந்த மில்லிமீட்டர் கணக்குகள் இன்றும் நூலகத்தில் இருக்கின்றன. அந்தச் சீனர் வீட்டில் பிள்ளைகள் எந்த மொழியில் அழுதார்கள், பண்டிகைக்கு என்ன சமைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு எவ்வளவோ ஆசை. அந்த வீட்டுப் பெண் ஒருத்தி எழுதியிருந்தால் அது கிடைத்திருக்கும். நீங்கள் எழுத உட்கார்ந்திருப்பது அந்த மாதிரி இடத்தில்தான்.

ஆனால் உள்ளே இருந்து வருகிறவருக்கு ஒரு கடமை கூடுதலாக இருக்கிறது. நம் வலியை எழுதும்போது, நாம் வந்து இறங்கிய மண்ணில் முன்பே யார் இருந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். டான்டீயின் தேயிலை 1968-இல் வனத்துறைத் திட்டமாகத்தான் தொடங்கியது, 1976-இல் கழகமானது. நமக்கு வேலை கொடுப்பதற்காகக் காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். நம் பெற்றோர்தான் நட்டார்கள். கூடலூர், பந்தலூரில் பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடிகள் அந்தக் காட்டை நம்பி இருந்தவர்கள். நாம் யாரையும் விரட்டவில்லை, எங்கே அனுப்புகிறார்கள் என்றே நமக்குத் தெரியாது. இருந்தாலும் ஒரு பணியர் பாட்டியிடம் 'சிலோன்காரங்க வந்தப்ப எப்படி இருந்துச்சு?' என்று கேட்காமல் உங்கள் ஆய்வை முடிக்காதீர்கள். அந்தப் பதில் நமக்கு வலிக்கலாம். இன்னொன்று, நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்ட பிறகு அந்த லைன் வீடுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். நம் ஆட்களே அவர்களை ஒரு பேர் வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். அதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியம். பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறையும் என்று ஆய்வு விதிகள் நினைக்கின்றன. அறுபது வீடு இருக்கிற டிவிஷனில் 'தையல் மெஷின் வைத்திருந்த விதவை' என்று எழுதினாலே ஊருக்கே ஆளைத் தெரியும். ஒப்புதல் தாளைத் தமிழில் தயார் செய்து வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். முடிந்ததும் தமிழில் ஒரு பிரதி அந்த டிவிஷனுக்கு வர வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த அந்த ஆய்வாளர் எழுதியது என்ன ஆயிற்று என்று அம்மா இன்றும் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பதுளை என்றதும், எந்தத் தோட்டம் என்று கேட்டார். உங்களுக்குச் சம்மதம் என்றால் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பந்தலூருக்கு அழைத்து வருகிறேன். கூடலூர் இறக்கத்தில் அவருக்குத் தலை சுற்றும், பரவாயில்லை, வருகிறேன் என்கிறார். பாட்டியிடம் ஆய்வு என்றெல்லாம் சொல்ல வேண்டாம். மஸ்கெலியாக்காரம்மா ஒருத்தர் வருகிறார் என்று சொல்லுங்கள். தேங்காய் ரொட்டியும் சம்பலும் அம்மா செய்து எடுத்து வருவார். நீங்களும் நானும் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருப்போம்.