கேட்டதும் சொன்னதும்: தவறணையும் சாராயப் பீப்பாயும்

கள்ளுக் கடையைத் தவறணை எண்டு சொல்லுறமே, அது 'தவறு' எண்ட சொல்லில இருந்து வந்ததா? எங்கட அம்மம்மா அப்பிடித்தான் அடிச்சுச் சொல்லுறா.
(உப்புவெளி வாசகர்)

அம்மப்பா பின்னேரத்தில எங்க போய் வந்தாரெண்டு அவவுக்குத்தானே தெரியும், அவ சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு தம்பி. ஆனா சொல்லு போர்த்துக்கேயற்ற, 'தவேர்ணா'. பாண், கதிரை, அலமாரி எல்லாம் வந்த அதே வழியிலதான் இதுவும் வந்தது. 1622ல நம்ம திருகோணமலைக் கோணேசர் கோயில இடிச்சு அந்தக் கல்லுகளைக் கொண்டே கோட்டை கட்டினவங்களும் அவங்கதான், பிறகு ஒல்லாந்தர் வந்து வெள்ளைக்காரன் வந்து கோட்டைக்கு பிரெட்றிக் எண்டு பேரும் வச்சு, இப்ப அதுக்குள்ள மான் மேயுது, கோயிலும் திரும்ப எழும்பிட்டுது, தவறணை மட்டும் அப்பிடியே நிக்குது. ஒண்டு கவனிச்சீங்களா, கடைக்குத்தான் இரவல் பேர். கள்ளு எண்டது நம்மட சொந்தச் சொல்லு.

காலமை இனிச்ச கள்ளு மத்தியானம் புளிக்குது. தண்ணி கலக்கிறாங்களோ?
(நிலாவெளி வாசகர்)

கலக்கிற ஆக்களும் இருப்பினம், ஆனா புளிப்புக்குக் காரணம் அது இல்ல. பாளையைச் சீவி முட்டி கட்டின உடனயே காத்திலயும் முட்டியிலயும் இருக்கிற ஈஸ்ட் சீனியைத் தின்னத் தொடங்கீரும், இறக்க முதலே மரத்தில இருந்தே வெறி ஏறிட்டுது எண்டு வையுங்கோ. அப்பிடியே விட்டா அடுத்த கிருமி வந்து வினாகிரி ஆக்கிப்போடும் (இந்தச் சொல்லும் போர்த்துக்கேயன்ரதான்!). முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசினா புளிக்காது, அதுதான் கருப்பணி, காய்ச்சினா பனங்கட்டி. என்னைக் கேட்டா காலமை இறக்கின கள்ளை மரத்தடியில பனையோலைப் பிளாவில ஊத்தி, பொரிச்ச சூடை மீன் ரெண்டோட குடிக்கோணும், அதை போத்தல்ல அடைச்சு பிரிஜ்ஜுக்குள்ள வச்சுக் குடிக்கிறவரோட எனக்குக் கதை இல்ல.

சாராயம் வடிக்கிறதில நம்ம ஊருக்கு ஏதாவது பங்கு இருக்கா?
(மூதூர் வாசகி)

இருக்கு தங்கச்சி, ஆனா போத்தல்ல இல்ல, பீப்பாயில! இலங்கையில பேரெடுத்த சாராயம் தென்னங்கள்ளை வடிச்சதுதான், பனஞ்சாராயமும் இருக்கு. நல்ல சாராயத்தை உடன விக்கமாட்டாங்கள், பெரிய மரப் பீப்பாயில ஊறவிடுவாங்கள், அதிலதான் நிறமும் மணமும் ஏறும், தொண்டையை அறுக்கிற காரமும் அடங்கும். அந்தப் பீப்பாய்க்குப் பேர்போன மரம் சாவண்டலை, சிங்களத்தில ஹல்மில்ல. வெள்ளைக்காரன் அதுக்கு வச்ச பேர் என்ன தெரியுமா, 'திருகோணமலை மரம்'! இங்க இருந்து கப்பலேத்தி மெட்ராசுக்கு அனுப்பி, அங்க அலைக்குள்ள இறக்கிற மசூலாப் படகு கட்டினவங்கள். ஊர்ப் பேர் உலகம் சுத்தினது கோணேசராலயும் துறைமுகத்தாலயும் மட்டும் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறம்.

போயாவுக்கு பார் எல்லாம் பூட்டுறதால குடி குறையுதா?
(சாம்பல்தீவு வாசகர்)

முதல் நாள் பின்னேரம் கடை லைனைப் போய்ப் பாருங்கோ. பஞ்சாங்கம் தொட்டே பாக்காதவனும் பௌர்ணமி எண்டைக்கு எண்டு சரியாச் சொல்லுவான்.