மெய்ஜோவின் தாய்க்கோயில் – கடிதம்

வணக்கம் ஐயா,

சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் இருக்கும் தியான் ஹோக் கெங் கோயிலைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அங்குள்ள கடலன்னை மாட்ஸு பிறந்த மண் என்பதால், சென்ற மாதம் ஆவலோடு சீனாவின் மெய்ஜோ தீவுக்குப் போனேன். ஆயிரம் ஆண்டுப் பழைய கோயில் என்றார்கள். கண்ணில் பட்டதெல்லாம் புதுக் கட்டடங்கள். சில படங்களை இணைத்திருக்கிறேன். அங்கே பழையது என்று சொல்ல என்னதான் மிச்சம் இருக்கிறது?

க., சிங்கப்பூர்

அன்புள்ள க.,

நீங்கள் அனுப்பிய படங்களில் இருப்பவை தெற்கு வளாகத்தின் மண்டபங்கள். தொண்ணூறுகளின் இறுதியில் கட்டத் தொடங்கியவை. பெருங்கூட்டத்துக்காக எழுப்பிய அந்த அகன்ற முற்றம் என்னையும் தொட்டதில்லை. கோயிலின் உயிர் மேற்குச் சரிவில் இருக்கிறது. அங்கே மலைவாயிலில் தொடங்கி, அடுத்த வாயில், மணிக்கூடம், முரசுக்கூடம், முதன்மை மண்டபம் என்று ஒவ்வொன்றாக மலைமேல் ஏறிப்போகின்றன. மலைவாயிலிலிருந்து முதன்மை மண்டபம் வரை 323 படிகள். மாட்ஸுவின் பிறந்தநாள் சீன நாட்காட்டியில் மூன்றாம் மாதம் 23-ஆம் நாள் என்பதை நினைத்துக்கொண்டு ஏறினால் கால் வலி தெரியாது. மேலே பள்ளியறை. அதன் பின்னால் உள்ள பாறையில், அவள் விண்ணேறிய இடம் என்று எழுத்து வெட்டியிருக்கிறார்கள். உச்சியில் கடலைப் பார்த்து நிற்கும் கற்சிலையின் உயரம் 14.35 மீட்டர்.

அவள் பெயர் லின் மோ. 960-இல் பிறந்தவள். பிறந்து ஒரு மாதம் வரை அழாததால் மௌனம் என்று பொருள்படும் 'மோ' என்ற பெயரை வைத்தார்கள் என்பது கதை. புயலில் சிக்கிய மீனவர்களைக் காத்தவள். 987-இல் மறைந்ததும் ஊரார் ஒரு சிறு கோயில் கட்டினார்கள். 1123-இல் கொரியா போன தூதர் புயலில் தப்பிவந்ததற்காக, சோங் பேரரசர் அவளுடைய கோயில் ஒன்றுக்குப் பெயர்ப்பலகை அளித்தார். பின்னர் சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் காலத்தில் 'தியான்ஃபெய்', அதாவது விண்ணுலக அரசி, என்ற பட்டம் கிடைத்தது. கடலோடி செங் ஹே 1431-இல் ஃபூஜியானின் சாங்லெயில் நிறுவிய கல்வெட்டில், தன் பயணங்களைக் காத்ததற்காக இந்தத் தியான்ஃபெய்க்குத்தான் நன்றி சொல்கிறார். இலங்கையின் காலி நகரில் கிடைத்து இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டும் அவருடையதே. அதன் தமிழ்ப் பகுதி தென்னிலங்கைத் தெய்வமான தேனவரை நாயனாருக்குக் காணிக்கை செலுத்துகிறது. இந்த இரண்டு கல்லையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியில் மெய்ஜோவின் மண்டபங்கள் ஏறக்குறைய முழுவதும் இடிக்கப்பட்டன. 1970-களின் இறுதியில், அரசு உத்தரவுக்குக் காத்திராமல், தீவின் பெண் ஒருவர் முன்னின்று ஊர்மக்களைத் திரட்டி மீண்டும் கட்டத் தொடங்கினார். எனக்கு இந்தச் செயல் பேரரசர்கள் தந்த எல்லாப் பட்டங்களையும்விடப் பெரியது.

நம் ஊரில் குலதெய்வத்தின் பிடிமண் எடுத்துப்போய் வேறிடத்தில் கோயில் எழுப்புவதுபோல, மாட்ஸுவின் தாய்க்கோயில் தூபச் சாம்பலை எடுத்துப்போய்க் கிளைக்கோயில்கள் கட்டுவார்கள். அப்படிக் கடல் கடந்து போன கிளைகள் பின்னாளில் தாயைத் தேடி வந்தன. அவள் மறைந்து ஆயிரம் ஆண்டு நிறைந்த 1987-இல், தைவானின் தாஜியா ஊர்க் கோயிலார் ஜப்பான் வழியாகச் சுற்றிக்கொண்டு மெய்ஜோவுக்கு வந்தார்கள். தைவானிலிருந்து சீனாவுக்குப் போக அப்போது அனுமதி இல்லை. தடையை மீறி அத்தனை தூரம் வந்தவர்கள் கட்டடத்தின் வயதைப் பார்க்க வரவில்லை. பழையது எது என்று கேட்டீர்கள். இந்தப் போக்குவரவைத்தான் நான் பழையது என்பேன்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளை வேலைக்குப் போகும்போது தியான் ஹோக் கெங் கோயிலுக்குள் ஐந்து நிமிடம் போய்வாருங்கள். அங்கிருக்கும் மாட்ஸு 1840-இல் சீனாவிலிருந்து கப்பலில் வந்தவள். நீங்கள் மெய்ஜோவில் பார்த்த மண்டபங்கள் எல்லாவற்றையும்விட மூத்தவள்.