கல்லறை சொல்லும் வயதும் கிடைக்காத ஞானஸ்நானப் பதிவும்

உங்கள் கணவரின் முன்னோருடைய கல்லறையில் ‘1849-இல் 71-ஆம் வயதில் மறைந்தார்’ என்றிருப்பதை நம்பி, இங்கிலாந்தின் சஃபோக் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) உள்ள அதே கிராமத் தேவாலயத்தின் 1778-ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடி ஏமாந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கல்லில் வெட்டிய வயது பெரும்பாலும் பிள்ளைகளின் ஊகம்தான் என்பதால், 1770 முதல் 1785 வரை பார்ப்பது நல்லது.

அவர் அந்த ஊரிலேயே பிறந்தார் என்பதற்கும் சான்றில்லை. பிறந்த ஊரைக் கேட்ட 1851 கணக்கெடுப்புக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். 1841 கணக்கெடுப்போ, அதே கவுண்டியில் பிறந்தவரா என்பதை மட்டுமே சொல்லும். ஆகவே திருமணப் பதிவைத் தேடுங்கள். 1754 முதல் அதில் மணமக்கள் எந்தப் பங்கைச் (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட பகுதி) சேர்ந்தவர்கள் என்பதும் சாட்சிகளின் பெயரும் இருக்கும். தந்தையின் பெயர் 1837-இல்தான் இடம்பெறத் தொடங்கியது என்பதால், உங்கள் முன்னோரின் குடும்பப் பெயரையே கொண்ட சாட்சி எவரேனும் உண்டா என்று கவனியுங்கள்.

அவர் கூலித் தொழிலாளி என்றால், இப்ஸ்விச்சிலுள்ள கவுண்டி ஆவணக் காப்பகத்தில் ஏழை நிவாரண விசாரணைத் தாள்களைக் கேளுங்கள். ஓர் ஏழையைப் பராமரிக்கும் பொறுப்பு எந்தப் பங்கினுடையது என்று தீர்மானிக்க நீதிபதிகள் பதிந்த அந்த வாக்குமூலங்களில், பிறந்த இடம், வேலை பார்த்த பண்ணை, வாங்கிய கூலி எனப் பாதி வாழ்க்கையே கிடைப்பதுண்டு. என்னைக் கேட்டால், எந்தப் பதிவேட்டையும்விட இவையே சுவையானவை.

குடும்பம் ஆங்கிலிக்கன் சபையை (இங்கிலாந்தின் அதிகாரபூர்வ திருச்சபை) சாராததாகவும் இருக்கலாம். ஆங்கிலிக்கன் அல்லாத சபைகள் 1837-க்குப் பின் அரசிடம் ஒப்படைத்த பழைய பதிவேடுகள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.